குளிர்காலப் பேண்ட்டைத் தடிமன் பார்த்து வாங்காதீர்கள்

பனிமலையில் நடக்கப் போகிறவராக இருக்கலாம், உறைந்த ஏரிக்கரையில் பறவை பார்க்க உட்காரப் போகிறவராக இருக்கலாம், விடியற்காலைக் குளிரில் ஓடுகிறவராக இருக்கலாம். குளிருக்குப் பேண்ட் வாங்கக் கடைக்குள் நுழைந்தால் கை தானாக இருப்பதிலேயே தடிமனான துணியைத் தேடித்தான் போகும். விரலிடையில் பிடித்து அமுக்கிப் பார்த்து, "இது நல்ல கதகதப்பா இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மேலாடைக்கு இந்த வழக்கம் ஓரளவு ஒத்துவரும். கால்களுக்கு ஒத்துவராது. நடக்கும்போது உடம்பிலேயே அதிகச் சூடு கிளப்புவது கால்கள்தான். நின்றுவிட்டாலோ அந்தச் சூடு சட்டென்று அடங்கிவிடும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்தப் பேண்ட் வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. முதுகில் பையோடு மேட்டில் ஏறும்போது அது ஐந்தாறு மடங்காகிவிடும். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது, மீதியெல்லாம் வெப்பம். ஏற்றத்தில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் உள்ள பெரிய தசைகள். அதனால் பேண்ட்டுக்குள்ளேயே அடுப்பு எரிகிறது, மேலே போர்த்துகிற துணி அந்தச் சூட்டை எவ்வளவு விடவேண்டும், எவ்வளவு பிடித்துவைக்கவேண்டும் என்பதுதான் கணக்கு.

உடையின் வெப்பக்காப்பை அளக்க 'க்ளோ' என்று ஓர் அலகு இருக்கிறது. 1941-ல் கேக், பர்ட்டன், பாஸெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் வகுத்தது. 21 டிகிரி அறையில், காற்று அதிகம் வீசாதபோது, அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இதமாக இருக்கும் உடையை 1 க்ளோ என்று வைத்துக்கொண்டார்கள். இந்த அலகின் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது: உடல் கிளப்பும் வெப்பம் நான்கு மடங்கானால், அதே குளிரில் தேவைப்படும் காப்பு ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும். மைனஸ் 10 டிகிரியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் போதுமான பேண்ட், அதே இடத்தில் மலையேறுபவரை வியர்வையில் குளிப்பாட்டிவிடும். ஏறுபவருக்குச் சரியான பேண்ட், உட்கார்ந்திருப்பவரைப் பத்து நிமிடத்தில் நடுங்கவைக்கும். ஆகவே "மைனஸ் 10-க்கு எந்தப் பேண்ட்?" என்று கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. "மைனஸ் 10-ல் நான் என்ன செய்துகொண்டிருப்பேன், எத்தனை நேரம் நிற்பேன்?" என்றுதான் ஆரம்பிக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நிறைய நடக்கிறது. மேலே விலையுயர்ந்த ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கீழே சாதாரண ஜீன்ஸோடு கிளம்பிவிடுவது. தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பதின் விதிப்படி, இரண்டு கால்களும் சேர்ந்து உடலின் தோல்பரப்பில் 36 சதவீதம். அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வெப்பம் கசிந்தால் உடல் முதலில் செய்வது, கைகால்களின் ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பது. பாதம் மரத்துப்போகிறது என்று இரண்டு ஜோடி காலுறை போடுகிறவர்கள் பேண்ட்டையும் கவனிக்கவேண்டும். தொடையும் முழங்காலும் சில்லிட்டிருந்தால் எத்தனை காலுறை போட்டாலும் பாதம் சூடேறாது.

வியர்வைதான் முதல் எதிரி

குளிரில் வியர்வை என்ன செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஏறி முடித்து ஒரு முகட்டில் உட்காரும்போது பேண்ட்டிலும் உள்ளாடையிலும் 100 கிராம் வியர்வை ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அரை டம்ளர் தண்ணீர்தான். அது முழுதாகக் காய 2,40,000 ஜூல் தேவை. ஓய்வில் இருக்கும் உடல் 40 நிமிடம் கிளப்புகிற மொத்த வெப்பத்துக்கு அது சமம். இதில் பெரும்பகுதியைத் தோல்தான் கொடுக்கவேண்டியிருக்கும். அது போக, அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி தொடையில் ஒட்டியதும், இதுவரை காப்பாக இருந்த காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பருத்தி குளிருக்கு ஆகாது என்று மலையேறுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பருத்தி இழை தண்ணீரை உள்ளே இழுத்துவைத்துக்கொள்ளும், கனத்துப்போகும், லேசில் காயாது. ஜீன்ஸ் துணியில் இது இன்னும் மோசம்: நெருக்கமான தடித்த நெசவு, ஈரமானதும் விறைத்து முழங்காலில் இழுக்கும். வெயிலடிக்கும் வறண்ட குளிரில் ஒரு மணி நேரம் காலாற நடந்துவர ஜீன்ஸ் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்கு உடனே திரும்ப முடியாத இடம் எதற்கும் அதைப் போடவேண்டாம் என்றே சொல்வேன். உள்ளாடையும் பருத்தியாக இருக்கக்கூடாது. நல்ல பேண்ட் வாங்கிவிட்டு அடியில் பருத்தி ஜட்டி போடுகிறவர்கள் பலர். இடுப்பில் முதலில் நனைவதும் கடைசியில் காய்வதும் அதுதான்.

தோலை ஒட்டிப் போடும் தெர்மலுக்கு இரண்டே இரண்டு நல்ல தேர்வுகள்: மெரினோ கம்பளி, இல்லாவிட்டால் பாலியஸ்டர். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் விடுகிறது. பல நாள் போட்டாலும் நாற்றம் குறைவு. மெரினோ இழை 20 மைக்ரானுக்கும் மெல்லியது என்பதால் பழைய கம்பளி மாதிரி குத்தாது. குறை என்னவென்றால் விலை அதிகம், தொடைகள் உரசும் இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும். பாலியஸ்டர் இழை தன் எடையில் 1 சதவீதம்கூட ஈரம் உறிஞ்சாது. வியர்வை இழைகளுக்கு இடையில் பரவி வெளியே போகும், துணி வேகமாகக் காயும், நாற்றமும் வேகமாகப் பிடிக்கும். ஓட்டம், பனிச்சறுக்கு நடை மாதிரி ஒரே மூச்சில் முடியும் வேலைக்குப் பாலியஸ்டர். நின்று நின்று போகும் வேலைக்கும் பல நாள் பயணத்துக்கும் கம்பளி. இப்படிப் பிரித்துக்கொள்வது எனக்குச் சரியென்று படுகிறது. எடையைப் பொறுத்தவரை சதுர மீட்டருக்கு 150 கிராம் உள்ளது நடந்துகொண்டே இருப்பவருக்கு, 250 கிராம் நிற்பவருக்கு, 200 கிராம் நடுவில்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, பார்த்தால் நம்பிக்கையே வராது. வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் உள்ளாடை. 1933-ல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் மீன்வலையிலிருந்து செய்துபார்த்ததில் தொடங்கியது. ஓட்டைகளில் காற்று தங்கிக்கொள்ளும், அதன்மேல் ஒரு பேண்ட் மூடியதும் அது காப்பாகிவிடும். தோலைத் தொடும் நூல் குறைவு என்பதால் ஈரமும் தோலில் தங்காது. நன்றாக வியர்க்கிறவர்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

காற்றைத் தடுப்பதா, மழையைத் தடுப்பதா

மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரிபோல் உறைக்கும். இந்தக் கணக்கின் தொடக்கம் அண்டார்டிகாவில். 1940-களின் தொடக்கத்தில் பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர், ஓர் உருளைக்குள் இருந்த தண்ணீர் வெவ்வேறு காற்றிலும் குளிரிலும் எத்தனை நேரத்தில் உறைகிறது என்று அங்கே அளந்தார்கள். இன்று பயன்படும் சூத்திரம் 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தியமைத்தது, அதுவும் மூடாத முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. தொடைக்கு அந்த எண் அப்படியே பொருந்தவேண்டியதில்லை. காற்றுப் புகாத மெல்லிய துணி ஒன்று மேலே இருந்தால் அந்த 10 டிகிரி வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

ஃப்ளீஸ் பேண்ட் இதில்தான் ஏமாற்றிவிடும். 1979-ல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலையில் உருவான பாலியஸ்டர் ஃப்ளீஸ், எடைக்கு நல்ல கதகதப்பு, ஈரத்தை உதறிவிடும், உடம்புக்கு மெத்தென்று இருக்கும். வீட்டுக்குள் போட்டுப் பார்க்கும்போது இதைவிட இதமான பேண்ட் கிடையாது. திறந்த முகட்டில் நின்றால் காற்று அதற்குள் புகுந்து விளையாடும், ஏனென்றால் அதன் கதகதப்பெல்லாம் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றில்தான் இருக்கிறது. ஃப்ளீஸ் வாங்கினால் அது உள்ளே போட, வெளியே வேறொன்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வாங்குங்கள்.

வெளியே போடுவதற்கு இரண்டு வழி. ஒன்று, சாஃப்ட்ஷெல் எனப்படும் நெருக்கமாக நெய்த, இழுபடும் நைலான் துணி. காற்றைப் பெருமளவு தடுக்கும், லேசான பனித்தூவலை உதிர்த்துவிடும், வியர்வை ஆவியை வெளியே விடும். இன்னொன்று, நீர்புகாச் சவ்வு வைத்த ஹார்ட்ஷெல். 1969-ல் ராபர்ட் கோர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது கிடைத்த நுண்துளைச் சவ்வுதான் கோர்டெக்ஸ் ஆனது. துளிநீர் நுழைய முடியாத, நீராவி நுழையக்கூடிய துளைகள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆவி தானாக வெளியேறாது. உள்ளே ஈரப்பதமும் சூடும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் நகரும். ஏற்றத்தில் தொடை கிளப்பும் வியர்வைக்கு எந்தச் சவ்வும் ஈடுகொடுக்காது. வெளித்துணி நனைந்து கருத்துப்போனால் இன்னும் மோசம், ஆவி போகும் வழியே அடைபட்டுவிடும்.

அதனால், மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே வறண்ட பனியில் நடப்பதற்கு ஹார்ட்ஷெல் பேண்ட் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் குளிரில் மழை பெய்யாது, பனி உதிர்ந்துவிடும், சாஃப்ட்ஷெல் போதும். 0 டிகிரியை ஒட்டிய குளிர்தான் உண்மையில் கொடுமை. ஈரப்பனியும் மழையும் கலந்து கொட்டும், எல்லாம் நனையும். அங்கே நீர்புகாப் பேண்ட் பையில் கட்டாயம் இருக்கவேண்டும். காலணியைக் கழற்றாமலே போட்டுக்கொள்ளும்படி பக்கவாட்டில் இடுப்புவரை ஜிப் உள்ளதாகப் பாருங்கள். விரல் மரத்த நிலையில் சேற்றில் ஒற்றைக்காலில் நின்று காலணி கழற்றுவது பெரும் அவஸ்தை.

நீர்புகு எதிர்ப்பை 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். துணி மேல் அத்தனை உயரத்துக்கு நீர் நின்றாலும் தாங்கும் என்று அர்த்தம். 10,000 மில்லிமீட்டர் என்பது 10 மீட்டர் நீர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். நிற்பவர்மேல் பெய்யும் மழை இதன் பக்கத்தில்கூட வராது. ஈரத்தரையில் முட்டிபோட்டால் நிலைமை வேறு: முழு எடையும் முழங்காலின் சின்னப் பரப்பில் இறங்கும், அழுத்தம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கூடாரம் அடிக்கிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், குழந்தையோடு பனியில் தவழ்கிறவர்களுக்கு 20,000 தேவைப்படுவது இதனால்தான். முழங்காலிலும் பின்புறத்திலும் மட்டும் தடித்த துணி வைத்துத் தைத்த பேண்ட் இவர்களுக்கு இன்னும் நல்லது.

நின்றுவிடுகிறவர்களுக்கு

மீன்பிடிப்பவர், பறவை பார்ப்பவர், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர், இரவு வானம் பார்ப்பவர். இவர்களுக்குத்தான் உண்மையிலேயே தடித்த பேண்ட் வேண்டும். இங்கே பஞ்சு வைத்த பேண்ட் உதவும். வாத்தின் மென்சிறகு எடைக்கு அதிகக் கதகதப்பு தரும், ஆனால் உட்கார்ந்தால் பின்புறத்தில் நசுங்கித் தட்டையாகிவிடும், நனைந்தால் கட்டிதட்டிப்போகும். அமெரிக்க ராணுவத்துக்காக 1980-களில் உருவாக்கிய ப்ரைமாலாஃப்ட் போன்ற செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், ஈரத்தில் கைவிடாது. பேண்ட் என்பது தரையில் உட்காரும் உடை. அதனால் செயற்கைப் பஞ்சு பக்கம்தான் என் ஓட்டு. உட்கார்வதற்கு ஒரு சின்ன நுரைப்பாய் எடுத்துப்போனால், நசுங்கிய பஞ்சு செய்ய முடியாததை அது செய்துவிடும்.

நடந்துபோய் நிற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பேண்ட்டில் தேடுவது வீண். மெல்லியதைப் போட்டுக்கொண்டு நடங்கள், பஞ்சுப் பேண்ட்டைப் பையில் வையுங்கள், நின்ற அடுத்த நிமிடமே, குளிரும்வரை காத்திராமல், மேலே போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்த பிறகு போட்டால் அந்தப் பேண்ட் காப்பதற்கு உள்ளே சூடு அதிகம் மிச்சமிருக்காது.

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் இதையெல்லாம் என்றைக்கோ தீர்த்துவைத்திருந்தார்கள். காரிபூ மானின் ரோமத்துக்கு உள்ளே காற்றறைகள் உண்டு. அந்தத் தோலில் உள்பேண்ட்டை ரோமம் உடலைத் தொடும்படியும், வெளிப்பேண்ட்டை ரோமம் வெளியே தெரியும்படியும் தைத்தார்கள். தளர்வாகத் தைத்ததால் நடக்கும்போது காற்று உள்ளே ஓடி ஈரத்தை எடுத்துப்போனது. 1903 முதல் 1905 வரை யோவா துறைமுகத்தில் தங்கி நெட்சிலிக் இன்யூட்டிடம் இந்த உடைமுறையைக் கற்ற ரோல்ட் அமுண்ட்சென், 1911-ல் தென்துருவத்தை அடைந்தபோதும் ரோம உடை கொண்டுபோயிருந்தார்.

அளவும் தையலும்

தளர்வைப் பற்றிச் சொன்னேன். கால்களுக்கு இது ரொம்பவே முக்கியம். இறுக்கமான தெர்மல், அதன்மேல் இறுக்கமான ஃப்ளீஸ், அதன்மேல் இறுக்கமான பேண்ட் என்று மூன்று அடுக்கு போட்டால் நடுவில் காற்று நிற்க இடமில்லை. இரத்த ஓட்டமும் குறையும். மூன்றாவது அடுக்கைக் கழற்றினால் சூடு கூடுவதைக்கூடப் பார்க்கலாம். அதனால் பேண்ட்டை வெறும் காலில் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே போடப்போகும் தெர்மலோடு கடைக்குப் போங்கள்.

அப்புறம், போட்டபடியே குத்துக்காலிட்டு உட்காருங்கள். ஒரு காலைத் தூக்கி முட்டி உயர நாற்காலிமேல் வையுங்கள். பின்பக்கம் இடுப்பு கீழே இறங்கினால், குனியும் ஒவ்வொரு முறையும் முதுகில் பனி விழும். தொடையில் துணி இறுகி இழுத்தால், ஒவ்வோர் அடிக்கும் அந்த இழுப்போடு நீங்கள் மல்லுக்கட்டவேண்டும். நல்ல வெளிப்புறப் பேண்ட்டில் கவட்டில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேராதபடி வைர வடிவில் தனித்துணி வைத்திருப்பார்கள், முழங்கால் கொஞ்சம் மடிந்த நிலையிலேயே வெட்டப்பட்டிருக்கும். துணியில் சில சதவீதம் எலாஸ்டேன் கலந்திருந்தால் இழுபட்டுக் கொடுக்கும். தையல் சரியில்லாத பேண்ட்டை எலாஸ்டேன் மட்டும் காப்பாற்றாது.

பையோடு நடக்கிறவர்கள் இடுப்பைத் தனியாகக் கவனிக்கவேண்டும். பையின் இடுப்புப்பட்டை அழுத்தும் அதே இடத்தில் பேண்ட்டின் உலோகப் பொத்தான், பெல்ட் கொக்கி, உள்ளே தெர்மலின் எலாஸ்டிக் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். கிளம்பும்போது தெரியாது. சில மணி நேரத்தில் இடுப்பெலும்பின்மேல் தோல் சிவந்து உரிய ஆரம்பிக்கும். தட்டையான இடுப்பு, பெல்ட் இல்லாமல் நாடாவில் இறுக்குவது, அல்லது தோள்பட்டையில் மாட்டும் பிப் வகை. பிப் பேண்ட் முதுகின் கீழ்ப்பகுதியையும் மூடுவதால் பனியில் விழுந்து எழும் வேலைகளுக்கு நல்லது. பெண்கள் வாங்கும்போது பின்பக்கம் ஜிப் திறந்து இறங்கும்படியாக உள்ளதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். அது இல்லாவிட்டால், சிறுநீர் கழிக்க ஒவ்வொரு முறையும் ஜாக்கெட்வரை எல்லாவற்றையும் கழற்றவேண்டியிருக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் குறைந்தால் களைப்பும் குளிரும் சேர்ந்து வரும்.

தொடையின் பக்கவாட்டில் திறக்கும் ஜிப், என்னைக் கேட்டால், சவ்வின் தரத்தைவிட முக்கியம். ஏறத் தொடங்கும் முன்பே திறந்துவிடுங்கள், நின்றதும் மூடுங்கள். கையுறையோடு அந்த ஜிப்பை இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கணுக்காலின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பனியில் மாட்டும் முள்பட்டையும் சறுக்குப்பலகையின் விளிம்பும் துணியைக் கிழிப்பது அந்தக் கையளவு இடத்தில்தான். தடித்த ஒட்டு இல்லாத பேண்ட் ஒரே பருவத்தில் அங்கே நார்நாராகிவிடும்.

நெருப்புப் பக்கத்தில் குளிர்காய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். நைலானும் பாலியஸ்டரும் ஒரு பொறி பட்டாலே உருகித் துளைவிடும், உருகியது தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, கருகி நின்றுவிடும். முகாமில் நெருப்பு முக்கியமென்றால் வெளியே கம்பளிப் பேண்ட் இன்றும் நல்ல தேர்வு.

வாங்கிய பிறகு துவைப்பதில்தான் பலர் பேண்ட்டைக் கெடுக்கிறார்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழைகளில் படிந்து வியர்வை பரவும் வழியையும் நீர்விலக்கும் பூச்சையும் அடைத்துவிடும். வெளிப்பேண்ட்டில் தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக உருள்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். உருளாமல் துணி கருத்தால் முதலில் துவைத்து, பேண்ட்டின் உள்சீட்டில் அனுமதி இருந்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் ஓட்டுங்கள். பழைய பூச்சு பெரும்பாலும் மறுபடி வேலைசெய்யும். அப்படியும் உருளாவிட்டால் கடையில் கிடைக்கும் நீர்விலக்கிப் பூச்சைப் போடலாம். ஃப்ளோரின் சேர்மங்கள் சூழலில் சிதையாமல் தங்குகின்றன என்பதால் அவை இல்லாத பூச்சுகள் இப்போது பரவலாகியிருக்கின்றன. அவை எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும், ஆகவே அடிக்கடி துவைக்கவும் அடிக்கடி பூசவும் வேண்டியிருக்கும்.